எந்த மாலை?

"எந்த மாலைட்டி? பூமாலையா, சாயங்கால மாலையா?"

கோவில்பட்டியிலிருந்து கைபேசித் திரையில் என் அம்மா கேட்ட கேள்வி இது. அங்கே காலை பதினொரு மணி. இங்கே ஆக்லாந்தில் குளிர்காலத்து ஐந்தரை மணி, இருட்டிவிட்டது. என் மகள் தன் ஆச்சியைப் பற்றித் தானே எழுதி, தானே மெட்டமைத்த பாட்டை ஆச்சிக்கே முதல்முறையாகப் பாடிக் காட்டியிருந்தாள். அவளுக்குப் பதினாறு வயது. பள்ளியில் இசைப் பாடத்துக்குச் சொந்தமாக ஒரு பாட்டு அமைத்துத் தர வேண்டும். வகுப்பில் வேறு யாரும் எழுதாத மொழியில் எழுதப்போகிறேன் என்பது அவளாக எடுத்த முடிவு. நாங்கள் தூண்டவில்லை, தூண்டியிருந்தால் செய்திருக்கமாட்டாள்.

பாட்டின் முதல் வரி, 'மலை மேல ஆச்சி நின்னா.' எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய படம் இருக்கிறது. கழுகுமலையில் சமணச் சிற்பங்கள் இருக்கும் பாறைக்கு அருகில் அம்மா நிற்கிற படம். பங்குனி உத்திரத்துக்குக் கோவில்பட்டியிலிருந்து இருபது கிலோமீட்டர் நடந்தே போன களைப்பு முகத்தில் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்து எழுதிய வரி. ஆனால் அவள் பாடியபோது வந்தது 'மாலை மேல ஆச்சி நின்னா'. அம்மா கேலி செய்யவில்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். பிறகு விளங்கியதும் சிரித்தார். என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். மகள் கித்தாரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அறைக்குள் போனாள். இரண்டு வாரம் அந்தப் பாட்டைத் தொடவில்லை. "இங்கிலீஷ்லயே எழுதிடறேன், அதுல யாரும் சிரிக்கமாட்டாங்க" என்று மூன்றாம் நாள் சொன்னாள்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு எழுத்தைப் பற்றியது. 'ம' எப்படி 'மா' ஆனது?

கணினித் துறையில் இருபது வருடமாக நான் செய்வது ஏறக்குறைய ஒரே வேலைதான். ஒரு அமைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போகும்போது எது, எந்த இடத்தில் விழுந்துபோனது என்று தேடுவது. அந்தப் பழக்கத்தில் அவளிடம் பாட்டின் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வரிகளை ரோமன் எழுத்தில் எழுதியிருந்தாள். அந்த எழுத்தில் மலையும் மாலையும் அவளுக்கு ஒன்றேதான். தகவல் முதல் படியிலேயே விழுந்துவிட்டது. இரண்டாம் படி மெட்டு. கராஜ்பேண்டில் நான்கு கார்டுகளைச் சுற்றவிட்டு, அதன்மேல் வாய்க்கு வந்த ஒலிகளை முனகி, பிடித்த இடத்தில் நிறுத்தி மெட்டைத் தேடியிருக்கிறாள். இங்கே பள்ளியில் பாட்டு எழுதச் சொல்லித்தரும் வழி பெரும்பாலும் இதுதான், நல்ல வழியும்கூட. தாளத்தின் முதல் அடியில் ஒரு நீண்ட சுரம் வந்தது. அந்தச் சுரத்துக்குக் கீழே 'ம' போய் உட்கார்ந்தது. அவ்வளவுதான் நடந்தது.

ஆங்கிலத்தில் இது பிழையே இல்லை. அந்த மொழி அழுத்தத்தால் நடக்கிறது. எந்த அசையில் அழுத்தம் விழ வேண்டுமோ அது தாளத்தின் பலமான அடியில் விழுந்தால் போதும், அதை எவ்வளவு இழுத்தாலும் சொல் சொல்லாகவே இருக்கும். பால் மெக்கார்ட்னி 'யெஸ்டர்டே' பாட்டின் மெட்டு கிடைத்தபோது, சொற்கள் வரும்வரை முட்டைப் பொரியலைப் பற்றிய பொய்ச்சொற்களைப் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார் என்பது பலரும் அறிந்த கதை. அந்த இடத்தை நிரப்ப அவருக்குத் தேவைப்பட்டது சரியான அழுத்தமுள்ள சொற்கள். நம் ஊரில் மெட்டு மட்டும் கிடைத்து சொல் கிடைக்காதபோது என்ன செய்வார்கள்? தானன தனதன என்பார்கள். சினிமாக்காரர்கள் இதைத் தத்தகாரம் என்கிறார்கள். அதில் சொல் இல்லை, பொருள் இல்லை. இருப்பது அளவு மட்டும்: எது குறில், எது நெடில், எங்கே ஒற்று வந்து இடிக்கிறது. இரண்டு மொழிகளும் பாட்டின் எலும்புக்கூடு என்று எதை நினைக்கின்றன என்பது இந்தப் பொய்ச்சொற்களிலேயே தெரிந்துவிடுகிறது.

தமிழில் அளவு மாறினால் சொல் மாறும். பட்டு, பாட்டு. கல், கால். வலி, வாலி. இதைப் பள்ளியில் படித்தோம், மறந்தோம். பாட்டு அமைக்க உட்காரும்போது மறக்க வழியில்லை. 'மலை' என்பது தனா. 'மாலை' என்பது தானா. மகளின் மெட்டு முதல் அடியில் 'தானா' கேட்டது. அவள் 'தனா' கொடுத்தாள். மெட்டு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது.

இந்த அளவை நம்மவர்கள் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்குத் திருப்புகழ்ப் பதிப்பு ஒன்றைத் திறந்தாலே போதும். பதினைந்தாம் நூற்றாண்டு அருணகிரிநாதரின் பாடல்கள் ஆயிரத்து முந்நூறுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. ஒவ்வொரு பாடலுக்கும் தலையில் அதன் சந்தம் அச்சாகியிருக்கும், தனதன தந்தன என்று. சிறு வயதில் அதை மந்திரம் என்று நினைத்திருந்தேன். இப்போது பார்க்கிறபோது அது ஒரு வரைபடம். இந்த இடத்தில் குறில்தான் வரலாம், இந்த இடத்தில் மெல்லின ஒற்றுத்தான் வரலாம் என்று கறாராகச் சொல்கிற வரைபடம். ராகம் எது என்று அது சொல்லாது. திருப்புகழை எந்த ராகத்திலும் பாடுகிறார்கள், பஜனை மடத்தில் ஒன்று, கச்சேரியில் ஒன்று. ராகம் மாறினாலும் பாட்டு அதே பாட்டாக இருக்கிறது, ஏனென்றால் இசைக் கருத்து சுரத்தில் இல்லை, சந்தத்தில் இருக்கிறது. பாட்டு அமைப்பதைப் பற்றித் தமிழ் சொல்லித்தரும் முதல் பாடம் இதுதான் என்பது என் எண்ணம். சந்தம் என்பது சொல்லும் இல்லாத, மெட்டும் இல்லாத ஒரு நடுநிலம். இரண்டும் அங்கேதான் முளைக்கின்றன.

கழுகுமலைக்கே ஒரு பாட்டு இலக்கியம் உண்டு. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கழுகுமலை முருகன்மேல் பாடிய காவடிச் சிந்து. ஊற்றுமலை ஜமீன்தார் காவடி எடுத்து நடந்தபோது வழியில் பாடப்பட்டது என்று சொல்வார்கள். அம்மா நடந்ததும் அதே முருகனை நோக்கித்தான். காவடிச் சிந்தைக் காதில் கேட்டவர்களுக்குத் தெரியும், அது நடையின் பாட்டு. கால் எங்கே விழ வேண்டும் என்று எழுத்தே சொல்லும். ஆனால் சிந்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. தாளத்தில் காலியாக இருக்கும் இடங்களை ஒலியை நீட்டித்தான் நிரப்புகிறார்கள். சிந்துக்கென்று யாப்பிலக்கணம் வகுத்த புதுவை இரா. திருமுருகன் இதை 'அசை நீட்டம்' என்று பெயரிட்டு விளக்குகிறார். அந்த நீட்டம் பெரும்பாலும் விழுகிற இடம் அரையடியின் முடிவு, தனிச்சொல்லுக்குப் பின், அடியின் இறுதி. சொல் முழுதாகக் காதில் விழுந்த பிறகு நீட்டுகிறார்கள். சொல் பிறக்கும்போதே அதன் கழுத்தைப் பிடித்து இழுப்பதில்லை. பாரதி 'பாஞ்சாலி சப'தத்தை நொண்டிச் சிந்தில் அமைத்ததும், 1912இல் அதன் முன்னுரையில் எளிய சொல்லைப் பற்றிப் பேசிய கையோடு எளிய சந்தத்தையும் மக்கள் விரும்பும் மெட்டையும் பற்றிப் பேசியதும் தற்செயலாக இருக்க முடியாது. சந்தம், மெட்டு என்று இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடுகிறார், கவனியுங்கள்.

சினிமாப் பாட்டு என்று வந்தால் நம் இலக்கியக்காரர்களிடம் ஒரு பழைய புலம்பல் உண்டு. மெட்டுக்குப் பாட்டு எழுதுவது தையற்காரன் வேலை, பாட்டுக்கு மெட்டுப் போடுவதே கலை என்று. இந்த இதழின் பக்கங்களிலும் அதை வாசித்திருக்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. கண்ணதாசனுக்கு எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டை வாசித்துக்காட்டியபோது அந்த மெட்டு தத்தகாரமாகவே வந்தது. அதாவது தமிழின் குறில் நெடில் ஏற்கெனவே அதற்குள் இருந்தது. தமிழ்க் காது உள்ள ஒருவர் போடும் மெட்டு பாதி தமிழாகவே பிறக்கிறது. பாவலர் வரதராசன் குழுவில் ஊர் ஊராகப் பாடிய இளையராஜா 1976இல் 'அன்னக்கிளி'க்குப் போட்ட மெட்டுகளில் தெம்மாங்கின் அளவுகள் இருந்தன. அங்கே எது முதலில் வந்தது என்ற கேள்விக்கே பொருள் இல்லை. சிக்கல் வருவது வேறு மொழியின் உடம்பில் பிறந்த மெட்டுக்குத் தமிழை உடுத்தும்போது. 1950களில் இந்திப் பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்து இதே மெட்டில் வேண்டும் என்று கேட்ட தயாரிப்பாளர்கள் காலத்திலும் இது இருந்தது. தாளச் சுற்றைக் கணினியில் ஓடவிட்டு அதன்மேல் முனகிப் பாட்டுத் தேடும் இந்தக் காலத்திலும் இருக்கிறது. முனகுகிறவரின் வாய்க்குள் எந்த மொழியின் அளவு இருக்கிறது என்பதுதான் வேறுபாடு.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குறிலை இழுத்துப் பாடிய எத்தனையோ பாட்டுகள் நமக்கு உயிரானவை. நம் காது திருத்திக்கொள்கிறது. சொல் முன்பே நமக்குத் தெரியும் என்பதால். ஆனால் ஆக்லாந்திலோ டொராண்டோவிலோ வளரும் பிள்ளைக்குப் பாட்டுத்தான் அகராதி. என் மகளுக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களில் பாதி காரில் ஒலித்த பாட்டுகளிலிருந்து வந்தவை. இழுத்துப் பாடிய சொல் இழுத்த வடிவத்திலேயே அவள் மனதில் பதிகிறது. அதைத் திருத்திக்கொள்ள அவளிடம் வேறு மூலம் இல்லை.

கர்நாடக இசையில் ஒரு கருத்தை வளர்ப்பதற்கு இருக்கும் முறைகளில் எனக்குப் பிடித்தது நிரவல். ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் விரிப்பார்கள். சுரங்கள் எங்கெங்கோ போகும். ஆனால் சொற்கள் தாளத்தில் முதலில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார வேண்டும். அந்தக் கட்டுப்பாடு இருப்பதால்தான் விரிவு விரிவாகத் தெரிகிறது. வரியைச் சிதைத்துப் பிய்த்துப் பாடுகிற வித்வான்களும் உண்டு, அவர்களைப் பற்றி வேறொரு சமயம்.

இந்த ஊரில் வேறொரு மொழியும் இதே சிக்கலைச் சந்தித்தது. அதை நாங்கள் தினமும் கேட்டுக்கொண்டே கவனிக்காமல் இருந்தோம்.

மாவோரி மொழியிலும் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். 'கெகெ' என்றால் கேக். 'கேகே' என்றால் அக்குள். விருந்தாளியிடம் மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ரோமன் எழுத்தில் எழுதும்போது இந்த வேறுபாடு தொலையக் கூடாது என்று ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் புரூஸ் பிக்ஸ் நெடிலுக்கு உயிரெழுத்தை இரட்டித்து எழுதினார். பொதுவழக்கில் நிலைத்தது எழுத்தின் தலையில் இடும் சிறு கோடு. இன்று சாலைப் பலகைகளிலும் செய்தித்தாள்களிலும் அந்தக் கோடு இருக்கிறது. ஒரு கோட்டுக்காக இந்த நாட்டில் எத்தனை வருடம் வாதாடினார்கள் என்பதை நினைத்தால் மகளின் காகிதத்தில் இருந்த மலை எனக்குச் சாதாரணமாகத் தெரியவில்லை.

பாட்டிலும் அவர்கள் ஒரு வழி கண்டார்கள். டரனாக்கி வட்டாரத்தின் பாட்டேயா என்ற சிற்றூரில் 1982இல் இறைச்சி பதப்படுத்தும் ஆலை மூடப்பட்டது. ஊரின் பிழைப்பே அதுதான். ஊர்க்காரரான இசைக்கலைஞர் டல்வேனியஸ் பிரைம், கிழக்குக் கரையைச் சேர்ந்த ஙோய் பெஃவைராங்கி என்ற மூத்த ஆசிரியரிடம், மாவோரி இளைஞர்களுக்குத் தங்கள் மொழிமேல் பெருமை வர என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். அவர்களுக்குப் பிடித்த இசையிலேயே மொழியைக் கொடு என்பது அவருடைய பதிலின் சாரம். அவர் சொற்களை எழுதினார். பிரைம் இசை அமைத்தார். பாட்டேயா மாவோரி மன்றம் பாடியது. ஒலித்தட்டு நிறுவனங்கள் கைவிரித்ததால் பிரைம் தானே நிறுவனம் தொடங்கி வெளியிட்டார். 1984இல் 'பொய் ஏ' நியூசிலாந்துப் பாட்டு வரிசையில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. 2010இல் டைக்கா வைடிடியின் 'பாய்' திரைப்படம் வந்த பிறகு மறுபடியும் வரிசையில் ஏறியது.

(என் அப்பா இங்கே வந்திருந்தபோது இந்தப் பாட்டை ஒரு விழாவில் கேட்டுவிட்டு, "எதுக்குப்பா எல்லாரும் பொய்யைப் பத்திப் பாடுறாங்க?" என்றார். 'பொய்' என்பது கயிற்றில் கட்டிச் சுழற்றும் பந்து என்று சொன்னேன். ஓகோ, நான் 'போய்'னு நெனச்சேன், எங்கயோ போறாங்கன்னு என்றார் அடுத்த நிமிடமே. இரண்டு தலைமுறைக்கும் ஒரே நோய்.)

அந்தப் பாட்டில் எண்பதுகளின் இயந்திர முரசு இருக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்க நடனக் கூடத்தின் துள்ளல் இருக்கிறது. கடன் வாங்கிய ஒலிதான். ஆனால் சொல் முதலில் வந்தது. அதுவும் அந்த மொழியில் ஊறிய ஒருவரின் வாயிலிருந்து. கூட்டமாக நின்று பந்தைக் கையில் தட்டிக்கொண்டு பாடும் மரபின் அடி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தது. இயந்திர முரசு அந்த அடிக்குப் பக்கத்தில் வந்து நின்றதே தவிர அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. எந்தக் கருவி, எந்தக் கார்டு என்பதெல்லாம் அடுத்த கேள்வி. மொழியின் அடியை யார் வைத்திருக்கிறார்கள் என்பதே முதல் கேள்வி. மகளின் பாட்டில் அந்த அடியைக் கராஜ்பேண்ட் வைத்திருந்தது.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். ஆக்லாந்துப் பெண்ணான லார்ட் 2021இல் தன் ஆங்கிலப் பாட்டுகளில் ஐந்தை 'டே ஆவோ மாராமா' என்ற தலைப்பில் மாவோரியில் பாடினார். அங்கே மெட்டு முதலிலேயே முடிவாகிவிட்டது. அதனால் ஹானா மெரெரையா முதலான மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை, அந்த மெட்டில் உட்காரக்கூடிய வேறு கருத்துகளைத் தேடினார்கள். நம் பாடலாசிரியர்கள் டப்பிங் படத்துக்கு எழுதும்போது படும் பாடு இதுதான். டொராண்டோவில் ஷான் வின்சென்ட் டி பாலும் மிருதங்கக் கலைஞர் யாஞ்சனும் செய்த 'மிருதங்கம் ராப்ஸ்' எனக்கு இன்னும் சுவையான எடுத்துக்காட்டு. அதில் மிருதங்கச் சொற்கட்டு முன்னால் போக, ஆங்கிலம் அதன் பின்னால் ஓடிவந்து உட்காருகிறது. மொழி ஆங்கிலம்தான், ஆனால் தமிழ்க் காதுக்கு அந்நியமாக இல்லை.

இந்தப் பார்வையோடு 'என்ஜாய் என்ஜாமி'யை மறுபடி கேட்டேன். 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் வந்த பாட்டு. அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் கதை அதன் வேர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவிட்டு நிலமில்லாமல் திரும்பிய குடும்பத்தின் கதை. புலம்பெயர்ந்தோர் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் நாம், விசா எடுத்து விமானம் ஏறி வந்தவர்கள், அந்தச் சொல்லை இன்னும் கொஞ்சம் கூச்சத்தோடு பயன்படுத்த வேண்டும் என்று அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் தோன்றும். இசைப் பக்கத்திலிருந்து பார்த்தால், 'என் சாமி' என்பது பேச்சில் எப்படி 'என்ஜாமி' ஆகிறதோ அதே அளவில் பாட்டிலும் நிற்கிறது. ஒப்பாரியின் அளவு அது. ஒப்பாரி வைக்கிறவள் மெட்டை யோசித்துச் சொல்லைத் தேடுவதில்லை, சொல்லை எழுதி மெட்டைத் தேடுவதும் இல்லை. இறந்தவரின் பெயரும் உறவும் வாயில் வரும்போது அவற்றின் குறில் நெடிலே இழுவையைத் தீர்மானிக்கிறது.

2022இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு மேடையேறியதை அடுத்து எழுந்த சச்சரவு நினைவிருக்கும். எழுதியதும் மெட்டமைத்ததும் பாடியதும் நானே என்று அறிவு எழுதினார். சேர்ந்து உட்கார்ந்து உருவாக்கிய பாட்டு, இசையில் தன் பங்கு இன்னின்னது என்று சந்தோஷ் நாராயணன் விளக்கம் கொடுத்தார். இணையம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. அந்த அறையில் யார் எந்த நிமிடம் எதைச் செய்தார்கள் என்று தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. என் கவனம் வேறொன்றில். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம் இசைப் படைப்பை வரையறுக்கும்போது, இசையோடு பாடப்படும் சொற்கள் அதில் சேராது என்று தெளிவாகச் சொல்கிறது. சொல் ஒரு சொத்து, இசை ஒரு சொத்து. சினிமாவின் பெயர்ப்பட்டியலும் அப்படியே: பாடல் ஒருவர், இசை ஒருவர். கார்டுகளும் தாளச் சுற்றும் முதலில் இருந்து சொல் பிறகு வரும் பாட்டுக்கு இந்தப் பிரிவினை பொருந்தும். ஒப்பாரியிலிருந்து, சிந்திலிருந்து வரும் பாட்டுக்கு எப்படிப் பொருந்தும்? அங்கே சொல்லைக் கொண்டுவந்தவரே சந்தத்தையும் கொண்டுவருகிறார், சந்தத்தில் பாதி மெட்டு இருக்கிறது. கச்சேரி உலகம் சொல்லையும் இசையையும் சேர்த்துப் படைத்தவருக்கு வாக்கேயக்காரர் என்று ஒரு பட்டம் வைத்திருக்கிறது. அதைத் தியாகராஜருக்கும் பாபநாசம் சிவனுக்கும் தருகிறோம். அரக்கோணத்துப் பையனுக்கோ அவன் பாட்டிக்கோ தர நமக்கு வாய் வருவதில்லை. 'வரிகள்' என்று ஒரு கட்டத்துக்குள் அவர்களை அடைத்துவிடுகிறோம். சந்தோஷ் நாராயணனின் பங்கைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. அந்தப் பாட்டின் ஒலிவெளி அவருடையது, அது இல்லாமல் என் மகள் அதைக் கேட்டே இருக்கமாட்டாள். நம் பெயர்ப்பட்டியலில் சந்தம் என்ற கட்டம் இல்லாததே என் குறை.

மகளின் பாட்டுக்கு வருகிறேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாண்ட்ரிங்ஹாமில் மளிகை வாங்கிவிட்டுத் திரும்பும் வழியில், காரில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்ததற்காக. பிறகு, உபதேசம் என்று தோன்றாதபடி, உன் மெட்டில் தப்பு இல்லை, அந்த நீள சுரத்துக்கு அடியில் வேறு எழுத்தை வை என்றேன்.

"அப்பா, மலைதான் முக்கியம். அதை எடுத்தா பாட்டே இல்ல."

"எடுக்க வேண்டாம். தள்ளி வை."

தொல்காப்பியத்தின் நூன்மரபில் கடைசிச் சூத்திரம் ஒன்று இருக்கிறது. இசையில் உயிரெழுத்துகள் தம் அளவைக் கடந்து ஒலிப்பதும் மெய்யெழுத்துகள் நீள்வதும் உண்டு, அது யாழ் நூலாரின் துறை என்கிறது. எழுத்துக்கு அரை, ஒன்று, இரண்டு என்று மாத்திரை அளந்த கையோடு, பாட்டுக்கு இது பொருந்தாமல் போகலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒற்று நீளலாம் என்பதுதான் எனக்குப் பயன்பட்டது. ம், ன், ல் போன்ற ஒற்றுகளை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இசையாக நிறுத்தலாம், சொல் கெடாது. சொல்லின் இறுதி ஐகாரத்தையும் நீட்டலாம். இதைத் தொல்காப்பியர் பெயரைச் சொல்லாமல் அவளிடம் சொன்னேன். அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் காரிலிருந்து இறங்கியிருப்பாள்.

வீட்டுக்கு வந்து முயன்றாள். 'ம' தாளத்தின் முதல் அடிக்குச் சற்று முன்பே, ஓசையில்லாமல் நுழைகிற மாதிரி. 'லை' அடியின் மேல், நீளமாக. மலை ஏறி நின்றதுபோல அந்த இறுதி எழுத்து நின்றது. இப்போது மெட்டே மாறிவிட்டது. அடிக்கு முன்னால் எடுக்கும் அந்தத் தொடக்கம் நான்கு கார்டுச் சுற்றுக்கு ஒத்துவராமல் இடறியது. சுற்றை அழித்துவிட்டு இரண்டு கார்டில் வைத்தாள். 'நின்னா'வின் ஒற்றில் குரலை நிறுத்தி மூக்கால் முனகிப் பார்த்தாள். பிடித்திருந்தது போல, அதையே இரண்டாம் சரணம் முழுக்க வளர்த்தாள். எல்லா வரியும் ஏதாவதொரு மெல்லினத்தில் போய் நிற்கும்படி சொற்களைத் தேடிக்கொண்டு வந்து என்னிடம் கேட்டாள். தேன், மீன், கண். "ண், ன் ரெண்டும் வேற வேற சத்தமா?" என்று முதன்முறையாகக் கேட்டாள். தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் படித்தும் கேட்காத கேள்வி. காகிதத்தில் இப்போது வரிகள் தமிழ் எழுத்தில் இருந்தன. எழுத்துப் பிழைகளோடு. 'மேல' என்பதில் ஏகாரக் கொம்பின் சுழியைத் தவறவிட்டிருந்தாள். 'மெல' என்று கிடந்தது. திருத்தலாமா என்று யோசித்து, பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பாடும்போது சரியாகத்தான் பாடினாள்.

பள்ளியில் கொடுத்துவிட்டாள். மதிப்பெண் இன்னும் வரவில்லை. போன வாரம் அம்மாவுக்கு மறுபடி பாடிக் காட்டினாள். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மலை மேல நான் நின்னேன்னு மட்டும் பாடுத, நடந்து போனத எழுதலியேட்டி, கால் வலிச்சதுல்லா?" என்றார்.

அவள் மூன்றாவது சரணம் எழுதிக்கொண்டிருக்கிறாள். 'வலி' எங்கே உட்கார வேண்டும் என்று நேற்றிரவு கேட்டாள்.